நீளத்தின் நியாயம்

லியோ டால்ஸ்டாய் 1863 முதல் 1869 வரை, முப்பத்தைந்தாம் பிராயத்தில் தொடங்கி நாற்பத்தொன்றாம் பிராயம் வரையில் வேறு நினைவின்றி உழைத்து முடித்த ‘போரும் வாழ்வும்’ என்னும் நாவலை உலக இலக்கியத்தின் சிகரங்களில் ஒன்றென்று சொல்ல எவரும் தயங்குவதில்லை. ஆயினும், அதன் பெயரை மரியாதையுடன் உச்சரிப்பவர்களில் அதை முதலிலிருந்து முடிவு வரை வாசித்தவர்கள் மிகச் சிலராகவே இருக்கிறார்கள் என்பது இலக்கிய அபிமானிகள் வருந்தத்தக்க விஷயம். நான்கு பாகங்கள், அவற்றின் பின்னே இரண்டு பகுதிகள் கொண்ட பின்னுரை, மொத்தம் 361 அத்தியாயங்கள், ஐந்நூறுக்கு மேற்பட்ட பாத்திரங்கள் என்று கேள்விப்பட்ட மாத்திரத்திலேயே, வாசிப்பில் விருப்பமுள்ளவர்கள்கூட இது ஓய்வு பெற்ற பிறகு பார்த்துக்கொள்ள வேண்டிய காரியம் என்று ஒத்திவைத்துவிடுகிறார்கள். யுத்த வர்ணனைகளையும் சரித்திர விசாரங்களையும் நீக்கிவிட்டுக் கதையை மட்டும் சுருக்கித் தந்தால் போதாதா என்று நல்லெண்ணத்துடன் கேட்பவர்களும் உண்டு. போதாது என்பதே என் திடமான அபிப்பிராயம். இந்த நாவல் தன் காரியத்தைச் சாதிப்பது தன் நீளத்தைக் கொண்டுதான். நீளத்தை எடுத்துவிட்டால் சம்பவங்கள் எஞ்சுமே தவிர, அந்தச் சம்பவங்கள் மனிதர்களை என்ன செய்தன என்பது எஞ்சாது.

அந்தப் பருமன் எப்படி நேர்ந்தது என்பதைச் சற்று நினைத்துப் பார்க்கலாம். 1825 டிசம்பரில் ஜார் ஆட்சியை எதிர்த்துக் கிளர்ந்து, தோற்று, சைபீரியாவுக்கு அனுப்பப்பட்ட பிரபுகுல அதிகாரிகளில் ஒருவர் முப்பது ஆண்டுகளுக்குப் பின் 1856 இல் மன்னிப்புப் பெற்று முதியவராக ருஷ்யாவுக்குத் திரும்பி வருவதையே டால்ஸ்டாய் முதலில் கதையாக்க எண்ணினார். அம்மனிதரைப் புரிந்துகொள்ள வேண்டுமானால் அவர் கிளர்ச்சியில் இறங்கிய 1825 ஐ அறிய வேண்டும் என்று தோன்றிற்று. அந்த ஆண்டை அறிய வேண்டுமானால், அவருடைய வாலிபம் கழிந்த 1812 ஐ, நெப்போலியனின் படை மாஸ்கோவுக்குள் புகுந்து பின் பனியில் அழிந்த அந்த மகத்தான ஆண்டை, அறிய வேண்டியதாயிற்று. அதற்கு முன் ருஷ்யா அடைந்த தோல்விகளையும் அவமானங்களையும் சொல்லாமல் வெற்றியை மட்டும் எழுதுவதற்கு அவருடைய மனச்சாட்சி கூசிற்று. ஆகவே 1805 க்குச் சென்றார். இவ்வாறு காரணத்தின் காரணத்தைத் தேடிப் பின்னோக்கிச் சென்ற ஆசிரியர், தொடங்க நினைத்த இடத்தைக் கடைசி வரையில் அடையவே இல்லை. பின்னுரையின் கதைப்பகுதி 1820 டிசம்பரில், கதாநாயகர்களில் ஒருவனான பியேர் பெசுஹாவ் தலைநகரிலிருந்து திரும்பி வந்து ரகசியச் சங்கங்களைப் பற்றிப் பேசுவதை ஒரு சிறுவன் மூலையிலிருந்து விழுங்குவதுபோல் கேட்டுக்கொண்டிருக்கும் இரவோடு நின்றுவிடுகிறது. எதையும் அதன் வேரிலிருந்து தவிர வேறு வகையில் சொல்ல மறுத்த ஒரு நேர்மையே இந்நூலின் பருமனுக்கு மூலகாரணம். அவர் அடித்து அடித்துத் திருத்திய கையெழுத்துப் பிரதிகளை இரவில் அமர்ந்து மீண்டும் மீண்டும் படியெடுத்த அவர் மனைவி சோபியாவின் உழைப்பையும் இந்த இடத்தில் நன்றியுடன் சொல்லத்தான் வேண்டும்.

நாவலைக் கையிலெடுத்துப் பாதியில் விட்டவர்களில் பெரும்பாலோர் முதல் நூறு பக்கங்களிலேயே விட்டிருப்பார்கள். 1805 ஜூலையில் பீட்டர்ஸ்பர்க் நகரத்துச் சீமாட்டி ஒருத்தியின் மாளிகையில் கூடும் விருந்தோடு கதை தொடங்குகிறது. பிரபுக்களும் சீமாட்டிகளும் பிரெஞ்சு மொழியில் உரையாடுகிறார்கள். யார் யாருக்கு என்ன உறவு என்று தெரிவதற்குள் இருபது பெயர்கள் வந்துவிடுகின்றன. இந்தத் திணறல் உண்மையானதுதான். ஆனால் அந்தப் பிரெஞ்சுப் பேச்சு வெறும் அலங்காரத்துக்காக வைக்கப்பட்டதன்று. எந்த தேசத்தோடு யுத்தம் மூளப் போகிறதோ அந்த தேசத்தின் பாஷையிலேயே யுத்தத்தைப் பற்றி விவாதிக்கும் ஒரு வர்க்கத்தை டால்ஸ்டாய் நமக்குக் காட்டுகிறார். ஏழு ஆண்டுகளும் பல நூறு பக்கங்களும் கடந்த பிறகு, அதே வர்க்கத்தைச் சேர்ந்த சீமாட்டிகள் பிரெஞ்சுச் சொல் வாயில் வந்தால் அபராதம் என்று தங்களுக்குள் விதித்துக்கொள்ளும்போது, முதல் அத்தியாயம் எதற்காக அப்படி இருந்தது என்பது விளங்குகிறது. பெயர்க் குழப்பத்தைப் பொறுத்த வரையில், தமிழ் வாசகர் மற்றவர்களைக் காட்டிலும் பாக்கியசாலி என்றே சொல்வேன். பள்ளிக்கூடத்தில் ஒரு பெயர், வீட்டில் ஒரு செல்லப் பெயர், தகப்பனார் பெயரின் முதலெழுத்து, பாட்டி மட்டும் கூப்பிடும் இன்னொரு பெயர் என்று வளர்ந்த நமக்கு, நத்தாலியா இலியினிச்னா என்பவளும் நட்டாஷா என்பவளும் ஒருத்தியே என்பதை ஏற்றுக்கொள்வதில் சிரமம் இருக்க நியாயமில்லை.

இனி, நீளம் என்ன செய்கிறது என்பதற்கு வருவோம். ஆண்ட்ரே பால்கான்ஸ்கி என்னும் இளவரசன், கீர்த்தி ஒன்றையே வேண்டி, அதற்காகத் தகப்பனையும் தங்கையையும் மனைவியையும் விட்டுக்கொடுக்கத் தயாராக யுத்தத்துக்குப் போகிறான். ஆஸ்டர்லிட்ஸ் போர்க்களத்தில் கொடியைக் கையிலேந்தி ஓடி, அடிபட்டு, மல்லாந்து விழுந்து, தலைக்கு மேலே விரிந்திருக்கும் ஆகாயத்தை அப்போதுதான் முதல் முறையாகக் காண்பவன்போல் காண்கிறான். அவன் தெய்வமாகக் கொண்டாடிய நெப்போலியனே குதிரை மேல் வந்து பக்கத்தில் நின்று பாராட்டியும், அந்த ஆகாயத்தின் கீழே அவர் எவ்வளவு அற்பமாகத் தெரிகிறார்! இந்தக் காட்சியைத் தனியே எடுத்துத் தொகைநூல்களில் சேர்க்கிறார்கள். அங்கும் அது அழகாகவே இருக்கிறது. ஆனால் நாவலில் இதன் பின் நடப்பது வேறு. ஞானோதயம் பெற்றவன் ஞானியாக வாழ்ந்துவிடவில்லை. வீடு திரும்பிய இரவே பிரசவத்தில் மனைவியை இழந்து, அவள் முகத்தில் உறைந்துவிட்ட கேள்விக்குப் பதில் தெரியாமல் கசந்து போகிறான். இளம்பெண் நட்டாஷாவைக் கண்டு மறுபடி துளிர்க்கிறான். அவளும் அனட்டோல் என்னும் வேறொருவன்பால் மயங்கி அவனைக் கைவிட்டதும் முன்னைக் காட்டிலும் கடினமாகிறான். எதிரியைக் கொல்வதற்காக அலைகிறான். ஏழாண்டுகளுக்குப் பின் போரோடினோவில் மரண காயம் பட்டுச் சிகிச்சைக் கூடாரத்தில் கிடக்கும்போது, பக்கத்தில் கால் துண்டிக்கப்பட்டுக் குழந்தைபோல் தேம்புகிறவன் தன் வாழ்வைக் கெடுத்த அதே அனட்டோல் என்று அறிந்து, அவன்மேல் இரக்கம் சுரக்கிறது. ஆஸ்டர்லிட்ஸில் அவன் கண்டது உண்மையா என்று கேட்டால், உண்மைதான். ஆனால் கண்ட உண்மையை மனிதன் மறந்துவிடுகிறான், பிறகு வேறொரு விலை கொடுத்துத் திரும்பப் பெறுகிறான் என்பதை, இடையில் எழுநூறு பக்கங்களை நாமும் வாழ்ந்து கடந்தாலன்றி எந்தச் சாதுரியத்தாலும் உணர்த்த முடியாது. சுருக்கத்தில் இது ஒரு போதனையாகிவிடும். நாவலில் இது நமக்கு நேர்கிறது.

இதைக் காட்டிலும் எனக்கு அருமையானது அவனுடைய தங்கை மரியாவின் கதை. மலையடிவாரத்துப் பண்ணை மாளிகையில் கிழட்டுத் தகப்பனோடு ஒடுங்கி வாழும் அழகற்ற பெண் அவள். ஒழுங்கும் கண்டிப்புமே உருவான அந்த முதியவர், தினந்தோறும் கடைசல் இயந்திரத்தின் முன் மரம் கடைந்தும், நடுங்குகிற மகளுக்குக் கேத்திர கணிதம் கற்பித்தும், தமக்கு அவள்மேல் இருக்கும் அளவற்ற அன்பை ஏச்சாகவும் அவமதிப்பாகவும் மட்டுமே வெளியிட்டும் ஆண்டுகளைக் கழிக்கிறார். டால்ஸ்டாய் இந்த வீட்டுக்கு நம்மை ஒரு தரம் அழைத்துச் சென்று விஷயத்தைச் சொல்லி முடித்திருக்கலாம். அவரோ நான்கைந்து முறை அழைத்துச் செல்கிறார். ஒவ்வொரு முறையும் கிழவரின் கொடுமை சிறிது கூடியிருக்கிறது, மகளின் பொறுமை சிறிது தேய்ந்திருக்கிறது, நமக்கோ அந்த வீட்டின் அறைகளும் மணியோசைகளும் சொந்த வீட்டைப்போல் பழகிப்போகின்றன. 1812 இல் பக்கவாதம் அவரை வீழ்த்துகிறது. பக்தியே வடிவான மரியா படுக்கையருகே காவலிருக்கிறாள். காத்திருக்கையில், தான் எதிர்பார்ப்பது குணமாகும் அறிகுறிகளை அல்ல, முடிவின் அறிகுறிகளையே என்பதைத் தன் உள்ளத்தில் கண்டு திடுக்கிடுகிறாள். அவர் இறந்தால் கிடைக்கப் போகும் சுதந்திரம், கல்யாணம், குழந்தைகள் என்று பல வருஷங்களாக மறைந்திருந்த ஆசைகள் எழுந்து நிற்கின்றன. அந்த வேளையில், குழறும் நாவினால் கிழவர் அவளைக் கனிந்து அழைத்து, இரவு முழுதும் அவளை நினைத்ததைச் சொல்லி, மன்னிப்புக் கேட்கிறார். வயோதிகப் பெற்றோரை வீட்டில் வைத்துப் பராமரித்த எவரும், வெளியே சொல்ல நாணிய எண்ணம் ஒன்றை ஒருவர் நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்பே அறிந்து, தீர்ப்புக் கூறாமல் எழுதி வைத்திருக்கிறார் என்பதை இங்கே காண்பார்கள். முந்தைய அத்தியாயங்களை வாசியாமல் இந்த ஓர் அத்தியாயத்தை மட்டும் வாசிப்பவருக்கு அவர்கள் இருவரும் அந்நியர்கள். அந்த மன்னிப்பின் கனமும் தெரியாது.

யுத்தப் பகுதிகளைத் தாண்டிவிடலாம் என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. டால்ஸ்டாய் இருபத்தாறாம் வயதில் முற்றுகையிடப்பட்ட செவஸ்டபோல் கோட்டையில் பீரங்கிப்படை அதிகாரியாக நின்றவர். இந்நாவலுக்காக 1867 இல் போரோடினோ மைதானத்துக்கு நேரில் சென்று நிலத்தின் மேடுபள்ளங்களைப் பார்த்து வந்தவர். அவருடைய போர்களில் புகையும் குழப்பமும் உண்டு, வீர முழக்கம் சொற்பம். இளைஞன் நிக்கொலாய் ரஸ்தோவ் ஷோன்கிராபன் போரில், எதிரே ஓடி வரும் பிரெஞ்சுச் சிப்பாய்கள் தன்னைக் கொல்லவே வருகிறார்கள் என்பதை நம்ப முடியாமல், வீட்டில் எல்லோருக்கும் இத்தனை பிரியமானவனான தன்னை எதற்காகக் கொல்ல வேண்டும் என்று மயங்கி நிற்கிறான். கைத்துப்பாக்கியைச் சுடுவதற்குப் பதில் எறிந்துவிட்டு ஓடுகிறான். சில காலம் கழித்து நண்பர்கள் அந்தச் சண்டையைப் பற்றிக் கேட்கிறார்கள். நடந்ததை நடந்தபடியே சொல்லத்தான் அவன் ஆரம்பிக்கிறான். ஆனால் கேட்பவர்கள் முகத்தில் எதிர்பார்ப்பு தெரிகிறது. குதிரைப்படைத் தாக்குதல் என்றால் இப்படித்தான் இருக்கும் என்று அவர்கள் பல பேரிடம் கேட்டுத் தெரிந்துவைத்திருக்கிறார்கள். அவனும் தன்னை அறியாமலே அந்த அச்சுக்குள் வழுக்கிச் சென்று, செய்யாத வீரச் செயல்களைச் செய்ததாகச் சொல்லிவிடுகிறான். அவன் பொய்யனல்லன். யுத்தச் செய்தி எவ்விதம் பிறக்கிறது என்பதற்கு இதனினும் தெளிவான பாடம் எந்தப் பத்திரிகைக் கல்லூரியிலும் கிடைக்காது. போர்க்களப் படங்கள் நிமிஷந்தோறும் கைப்பேசிக்கு வந்து விழும் இக்காலத்தில், அவற்றைப் பார்ப்பவர்களும் பரப்புகிறவர்களும் இந்த அத்தியாயத்தை ஒரு முறை படித்திருக்க வேண்டும்.

அதே போரில் டூஷின் என்னும் சிறிய உருவமுள்ள பீரங்கித் தலைவன், காவற்படை விலகிப்போனதும் அறியாமல், சுங்கானைக் கடித்தபடி நான்கு பீரங்கிகளைக் கொண்டு எதிரியின் மையப்படையைத் தடுத்து நிறுத்துகிறான். மாலையில் தளபதி முன்னிலையில், பீரங்கிகளை ஏன் விட்டு வந்தாய் என்ற விசாரணைக்கு நடுங்கி நிற்கும்போது, காவற்படை இல்லை என்ற உண்மையைச் சொன்னால் வேறோர் அதிகாரிக்குத் தொல்லை வருமே என்று வாய் திறவாதிருக்கிறான். அன்றைய வெற்றி பெரும்பாலும் இவனுடையது என்று ஆண்ட்ரே எழுந்து சொல்கிறான். தளபதிக்கு அதை நம்பவும் மனமில்லை, மறுக்கவும் மனமில்லை. இந்த டூஷின்தான் பின்னால் வரும் சரித்திர விசாரங்களுக்கெல்லாம் விதை. படையெடுப்புகளை நடத்துகிறவர்கள் சக்கரவர்த்திகளும் சேனாதிபதிகளும் அல்லர், எண்ணிறந்த சாமானியர்களின் எண்ணிறந்த சிறு செயல்களே என்று டால்ஸ்டாய் வாதிக்கும்போது, நாம் கண்ணாரக் கண்ட ஒரு மனிதனை மனத்தில் வைத்தே அந்த வாதத்தைக் கேட்கிறோம்.

அந்த வாதத்தை அவர் கணித சாஸ்திரத்திலிருந்து எடுத்து விளக்குகிறார். இயக்கத்தைத் துண்டு துண்டாக வெட்டிப் பார்த்தால் அக்கிலிஸ் ஒருபோதும் ஆமையை எட்டமாட்டான். அளவிட முடியாத நுண்ணிய கூறுகளை எடுத்து அவற்றைத் தொகுக்கக் கற்ற பிறகே அந்தப் புதிர் அவிழ்ந்தது. சரித்திரத்தையும், தனித்தனி மனிதச் சித்தங்களை அதன் நுண்கூறுகளாகக் கொண்டு தொகுத்தாலன்றி அறிய முடியாது என்பது அவர் கட்சி. ஐந்நூறு பாத்திரங்கள் எதற்கு என்ற கேள்விக்கு விடை இங்கேதான் இருக்கிறது. ஒரு சரித்திரக் கொள்கையைக் கட்டுரையில் கூறிவிட்டு, கதையில் மூன்று கதாநாயகர்களின் பின்னே போயிருந்தால் நூல் தன்னையே மறுத்திருக்கும். போரோடினோவில் நெப்போலியன் பிறப்பித்த வியூக உத்தரவுகளில் ஒன்றுகூட நிறைவேற்றப்படவில்லை, நிறைவேற்றவும் இயலாது என்று ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டும் பக்கங்களும், இரு தரப்பிலும் ஏறத்தாழ 70,000 பேர் மாண்டும் காயமுற்றும் விழுந்த அந்த நாளில் வெள்ளைத் தொப்பியோடு பியேர் எதுவும் புரியாமல் களத்தில் அலையும் பக்கங்களும் ஒரே விஷயத்தைத்தான் இரு வகையாகச் சொல்கின்றன. ஒரு தலைவர் வந்தால் எல்லாம் மாறிவிடும், ஒரு தலைவர் போனதால் எல்லாம் கெட்டுவிட்டது என்று நம்பும் மனோபாவம் எந்த தேசத்திலும் மறைந்துவிடவில்லை. அதற்கு இவ்வளவு விரிவான மறுப்பை வேறெந்த நாவலும் தந்ததாக நான் அறியேன்.

குறையில்லாத நூல் என்று இதை நான் சொல்ல வரவில்லை. பின்னுரையின் இரண்டாம் பகுதி முழுவதும் சுதந்திரமும் நிர்ப்பந்தமும் பற்றிய தத்துவ விசாரம். அதில் சொன்னதையே திரும்பச் சொல்லும் அலுப்பு உண்டு, பிரெஞ்சு நாவலாசிரியர் பிளாபேர் முதல் பலரும் இப்படிப்பட்ட இடங்களைக் குறித்து முறையிட்டிருக்கிறார்கள். நெப்போலியனைச் சித்திரிப்பதில் ஆசிரியர் நீதி தவறிவிட்டார் என்றே எண்ணுகிறேன். தம் எதிரிக் கொள்கையின் பிரதிநிதியாக அவரை நிறுத்திய வேகத்தில், வேறு எந்தப் பாத்திரத்துக்கும் மறுக்காத உள்ளுயிரை அவருக்கு மட்டும் மறுத்துவிட்டார். பாட்டும் துள்ளலுமாக இருந்த நட்டாஷா, குழந்தைகளைத் தவிர வேறு சிந்தனையற்ற தாயாகப் பருத்து நிற்கும் முடிவும் பலருக்கு ஏமாற்றம் தருவது. இயற்கையின் வழி இதுவே என்று அதை அவர் கொண்டாடுவதை ஏற்க என் மனமும் ஒப்பவில்லை. ஆனால் இத்தனை நெருக்கமாக நட்டாஷாவை நாம் அறிந்திருக்காவிட்டால், அவளைப் படைத்தவரோடு அவளுக்காக வாதாட நமக்குத் தோன்றியிராது.

இந்நூலை அவகாசமுள்ளவர்களின் ஆடம்பரம் என்று கருதுகிறவர்கள் லெனின்கிராட் நகரத்தை நினைக்க வேண்டும். 1941 செப்டம்பர் முதல் 1944 ஜனவரி வரையில் ஜெர்மானியப் படைகளின் முற்றுகையில் பட்டினியாலும் குளிராலும் லட்சக்கணக்கானோர் மடிந்த அந்நகரத்தில் மக்கள் இந்த நாவலை ஆவலோடு தேடி வாசித்தார்கள் என்று, அந்த முற்றுகையை உள்ளிருந்து கண்டு எழுதிய லிதியா கின்ஸ்பர்க் பதிவு செய்திருக்கிறார். டால்ஸ்டாய் எழுதியது சரிதானா என்று பரீட்சிக்க அவர்கள் வாசிக்கவில்லை. அவர் சொன்னது சரி என்பதில் அவர்களுக்குச் சந்தேகமே இல்லை. தங்கள் பயமும் தங்கள் சகிப்பும் சரியானவைதானா என்று அவரைக் கொண்டு தங்களையே அளந்துகொள்ள வாசித்தார்கள். ஸ்டாலின்கிராட் களத்தில் யுத்த நிருபராக இருந்த வாசிலி கிராஸ்மனும் அந்நாட்களில் இதையே வாசித்தார். பின்னர் அவர் அப்போரைப் பற்றி எழுதிய பெரும் நாவல்களில் இதன் சுவடு அழுத்தமாகப் பதிந்திருக்கிறது. குண்டு விழும் ஊரில், நாளைக்கு இருப்போமா என்று அறியாதவர்கள் சிறிய புத்தகங்களை விட்டு இந்தப் பெரிய புத்தகத்தை நாடினார்கள் என்றால், நேரமில்லை என்ற நம்முடைய சமாதானத்தை நாம் மறுபடி யோசிக்கத்தான் வேண்டும்.

அத்தியாயங்கள் சிறியவை, பல நான்கைந்து பக்கங்களுக்குமேல் போவதில்லை. நாளுக்கு ஓர் அத்தியாயம் என்று வைத்துக்கொண்டாலும் ஓர் ஆண்டு முடிவதற்குள் நாவல் முடிந்துவிடும். இடையில் இரண்டு மூன்று இடங்களில் அத்தியாயத்தோடு நிறுத்த முடியாமல் இரவெல்லாம் படிப்பீர்கள் என்பதையும் உறுதியாகச் சொல்வேன். ஆங்கிலம் அறியாதவர்களும் தயங்க வேண்டியதில்லை. ‘தினமணி’யின் முதல் ஆசிரியராக இருந்த டி. எஸ். சொக்கலிங்கம், பத்திரிகைத் தொழிலின் ஓயாத சுமையோடு வாழ்ந்தவர், இந்நாவல் முழுவதையும் தமிழில் பெயர்த்துத் தந்திருக்கிறார். அதை வாசகர்கள் தேடாமல் விடுவது அவருடைய உழைப்புக்குச் செய்யும் நியாயமாகாது. இனி இதை அச்சிடும் பதிப்பாளர்கள், குடும்ப வாரியாகப் பாத்திரங்களின் பெயர்களையும் செல்லப் பெயர்களையும் காட்டும் ஒரு பட்டியலையும், 1805 இலும் 1812 இலும் படைகள் சென்ற வழிகளைக் காட்டும் இரண்டு வரைபடங்களையும் முன்பக்கங்களில் சேர்த்தால், முதல் நூறு பக்கங்களில் திரும்பிப் போகிறவர்களில் பாதிப் பேரையாவது உள்ளே அழைத்துவிடலாம். கிளை நூலகங்கள் மூன்றாம் பாகம் இல்லாத பிரதிகளை அலமாரியில் வைத்திருக்காமல் எல்லாப் பாகங்களையும் ஒருங்கே வாங்கி வைத்து, இரவல் தவணையை இந்த ஒரு நூலுக்கேனும் தாராளமாக நீட்டித் தர வேண்டும். கல்லூரிகளில் உலக இலக்கியம் கற்பிப்போர், இதன் கதைச் சுருக்கத்தைத் தேர்வுக் கேள்வியாக வைப்பதை விட்டுவிட்டு, ஷோன்கிராபன் போர் வரும் பகுதியை மட்டுமாவது வகுப்பில் முழுமையாக வாசிக்கச் செய்ய வேண்டும்.